ஒட்டிக்கொண்டிருந்த பக்கம்

மகனே,

உன் அம்மாவின் கல்யாணப் புடவையை நான் மூன்று தடவை கட்டியிருக்கிறேன். மூன்றும் திருவிழாக் கூத்துக்காக, ஊரே பார்க்க. எனக்கு எப்போதும் ராணி வேஷம்தான். மூன்றாம் தடவை கட்டி முடித்து நின்றபோது உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்னியவிட ஒனக்குத்தான்யா எடுப்பா கீது" என்றாள். பாராட்டாகச் சொன்னாளா, மனம் நொந்து சொன்னாளா என்று கேட்க இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை. கூத்து முடிந்தும் ஒரு வாரம் மழித்த மேலுதட்டோடும் கழுவக் கழுவப் போகாத மையோடும் ஊரில் திரிவேன். டீக்கடையில் காசு வாங்க மாட்டார்கள். வயசானவர்கள் "இன்னா ராணிம்மா, ராஜா ஏரிக்குப் போயிட்டாரா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். பெண் வேஷத்துக்காக யாரும் என் மேல் ஒரு பிடி மணல்கூட வீசியதில்லை. இந்த வெட்கக்கேட்டை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பின்னால் வரப்போவதற்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. சின்னதைச் சொல்லிப் பழகிக்கொண்டால் பெரியதைச் சொல்ல வாய் வரும் என்று ஒரு நப்பாசை.

நாளைக் காலை பஸ்ஸில் நீ பொன்னேரிக்குப் போகிறாய். தாலுகா ஆபீசில் உத்தியோகம். நம் வம்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கப்போகிற முதல் ஆள் நீதான். உனக்கு முதலில் தரப்போகும் வேலை, வீடு வீடாகப் போய் வாக்காளர் பட்டியலுக்குப் பெயர் எழுதுவது என்று சொன்னாய். போன ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர்களை வைத்துக்கொண்டு, மாதிரிக்குக் கொண்டுவந்த பாரத்தை விரித்துப் போட்டு, ஊரில் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி நிரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். நடுவில் பூங்காவனத்தின் முறை வந்தபோது நிமிர்ந்து என்னிடம் கேட்டாய்: "நைனா, இந்த அரைப்பாட்டுக்கு எந்தக் கட்டத்துல டிக் போடறது? ஆம்பளையா, பொம்பளையா? நடுவுல கோடு மேலயே போட்டுடலாமா?" உன் சிநேகிதர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். அடுப்பங்கரையில் உன் அம்மா ஒரு பாத்திரத்தை வைத்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தின் அர்த்தம் உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதி உன் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவில் வைக்கிறேன். நேரில் சொன்னால் பாதியில் ஒரு ஜோக் அடித்துக் கெடுத்துவிடுவேன். அது என் வியாதி. சர்க்கரை, முட்டிவலி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

நீ சின்ன வயதிலிருந்தே ஹாஸ்டலில் வளர்ந்தவன். பாடு என்றால் உனக்குக் காதால் கேட்ட கதை. ஆகவே கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படி. கடலிலிருந்து இறால் ஏரிக்குள் வருவதும் திரும்பிப் போவதும் முகத்துவாரம் வழியாகத்தான். அந்த நீரோட்டத்துக்குக் குறுக்கே கழி ஊன்றி வலை கட்டுகிற இடம்தான் பாடு. நல்ல இடம் கொஞ்சம், ஆட்கள் நிறைய. ஆகவே வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, யாருக்கு எந்த இடம், எந்த நாள் முறை என்று பிரித்துக்கொள்வார்கள். சீட்டில் பெயர் வரவேண்டுமென்றால் நீ ஊர் நோட்டில் ஒரு தலைக்கட்டாக, அதாவது தனிக் குடும்பமாக, இருக்க வேண்டும். நம் பையன்கள் கல்யாணமான மறுமாதமே வந்து "என்னிய எழுதிட்டியா சித்தப்பா?" என்று என் வாசலில் நிற்பது இதற்காகத்தான். பெண்டாட்டிக்காகக் கல்யாணம் செய்துகொண்டவனைவிடப் பாடு கிடைப்பதற்காகச் செய்துகொண்டவன் நம் ஊரில் அதிகம். அந்த நோட்டை இருபது வருஷமாக எழுதுகிறவன் நான். வலை வீசினால் என் காலிலேயே விழும் என்பதால் ஊரார் என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள்.

பூங்காவனத்தை உனக்குச் சேலையில்தான் தெரியும். எனக்கு அதற்கு முன்பும் தெரியும். நம் பக்கத்தில் அந்தப் பெயரை ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள் என்பதால் பெயரை மாற்றிக்கொள்ளும் சிரமம் மட்டும் அவளுக்கு இல்லாமல் போனது. வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பன் விஷக்காய்ச்சலில் செத்த வருஷம் பதினேழு வயதில் ஏரியில் இறங்கி அப்பனின் கழிகளைத் தானே ஊன்றிய பிள்ளை. நீரோட்டம் திரும்புவதைத் தண்ணீரில் காலை வைத்தே சொல்லிவிடும் பிள்ளை. கல்யாண வயது வந்ததும் வீட்டில் பேச்செடுத்தார்கள். ஒரு நாள் பிள்ளையைக் காணவில்லை. இரண்டு வருஷம் மெட்ராஸில் இருந்துவிட்டு, எமர்ஜென்சிக்கு முந்தின வருஷம், பட்டப்பகலில் பஸ்ஸை விட்டுச் சேலை கட்டி இறங்கினாள். கையில் ஒரு தகரப்பெட்டி. பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடுவரை ஊரே பின்னால் போனது. நானும் போனேன். இந்த மாதிரி விஷயத்தில் நான் பின்தங்கியதே இல்லை. அவள் அம்மா வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "காலைலதானே வரேன்னு சொல்லி அனுப்பின? சோறு ஆறிப்போச்சு பாரு" என்றாள். எங்களைப் பார்த்து, "நீங்கல்லாம் துன்னுட்டீங்களா?" என்று கேட்டாள். கூட்டம் கலைந்தது.

அந்த வருஷச் சீட்டுக்குப் பூங்காவனம் கோயில் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அப்பனின் பாட்டைத் தன் பெயரில் எழுதக் கேட்டாள். ஊர்த் தலைவர் கெட்ட மனிதர் இல்லை. குழம்பிப்போனார், அவ்வளவுதான். "இந்தா பாரு பூங்காவனம்" என்றார். "ஆம்பளைன்னா பாடு கீது. பொம்பளைன்னா பாடு இல்ல. நீ இன்னான்னு ஒன் வாயாலயே சொல்லிடு, எழுதிடலாம்."

"எங்கப்பன் செத்த வருசம் கழி ஊனினது யாரு மாமா? அப்ப யாரும் இத்தக் கேக்கலியே."

"அப்ப நீ வேட்டி கட்டிக்கினு இருந்த."

"கழிக்கு இன்னா தெரியும் மாமா, மேல நிக்கறது வேட்டியா சேலையான்னு?"

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் "அக்காங், நாயந்தான்" என்றார்கள். மெய்யாகவே சொல்கிறேன், அந்த நிமிஷம் கூட்டம் அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. தலைவர் என் பக்கம் திரும்பினார். "நோட்டுல இன்னா கீது? முன்னப் பின்ன பொம்பள பேர்ல எழுதிக்கீதா? பாத்து ஒரக்கப் படி" என்றார். நான் நோட்டைப் பின்னால் புரட்டினேன். எனக்கு முன்னால் எழுதியவரின் கையெழுத்தில், பழுப்பேறிய ஒரு பக்கத்தில் இருந்தது: இருசம்மா, தலைக்கட்டு ஒன்று. ஒரு கைம்பெண். அவளுக்குப் பாடு எழுதி, மூன்று வருஷம் சீட்டும் விழுந்து, எந்த இடம், எந்த நாள் என்பதுவரை பதிவாகியிருந்தது. தலைக்கட்டு என்றால் ஆண் என்று அந்த நோட்டில் எந்த இடத்திலும் இல்லை. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த ஒரு வரியை உரக்கப் படிக்க வேண்டும்.

நிமிர்ந்தேன். எல்லா முகமும் என் மேல் இருந்தது. மேடை ஏறியவனுக்கு அந்த முகங்களைத் தெரியும். வாயைத் திறந்து எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் முகங்கள். இவன் இன்னா சொல்லப்போறான் பாரு என்கிற முகங்கள். என் வியாதி என்னைப் பிடித்துக்கொண்டது. "ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்குப் பூஜ்யம்னு போட்டுக்கீது தலைவரே" என்றேன். "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா அரைப் பாடு வருது. வலைல பாதிய அறுத்துக் குடுத்துட்டா கணக்கு தீந்துது."

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. ஒருவன் மணலில் உருண்டான். தலைவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று ராணி வேஷத்துக்கும் சேர்த்து எனக்கு அவ்வளவு சிரிப்பு கிடைத்ததில்லை. சிரிப்பு அடங்கியபோது தீர்ப்பும் முடிந்திருந்தது. யாரும் தீர்ப்புச் சொல்லவே இல்லை. தலைவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். பூங்காவனம் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டுப் போனாள். அவள் அம்மா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா படிச்ச நைனா" என்றாள். அவ்வளவுதான். அன்றுமுதல் ஊரில் பூங்காவனத்துக்கு அரைப்பாடு என்று பெயர். நீ ஞாயிற்றுக்கிழமை சொன்னாயே, அதே பெயர். அதை உண்டாக்கியவன் உன் அப்பன். உனக்கு நான் நிலம் சேர்த்து வைக்கவில்லை, வீடு சேர்த்து வைக்கவில்லை. என்னிடமிருந்து உனக்குச் சிரமமில்லாமல் வந்து சேர்ந்த சொத்து அந்த ஒரு சொல்தான்.

அடுத்த திருவிழாவுக்குப் புடவையைக் கேட்டபோது உன் அம்மா, பெட்டிச் சாவி தொலைந்துபோய்விட்டது என்றாள். சாவி அவள் தாலிக்கயிற்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. நான் வேஷம் கட்டுவதை ஏன் விட்டேன் என்று நீ சின்ன வயதில் கேட்டபோது, தொந்தி விழுந்துவிட்டது என்று சொன்னேன். தொந்தி பிறகு விழுந்தது.

பன்னிரண்டு வருஷம் பூங்காவனம் இடுப்பளவுத் தண்ணீரில் மற்றப் பெண்களோடு கையால் இறால் தடவினாள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் வேலை. கழி ஊன்றுவதில் கெட்டிக்காரியாக இருந்த அந்தக் கை சேற்றுப்புண்ணில் வெந்துகிடந்தது. முதலில் பெண்கள் தள்ளித் தள்ளி நின்றார்கள். பிறகு, எந்தப் பக்கம் இறால் கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிகிறது என்று தெரிந்ததும் ஒட்டி ஒட்டி நின்றார்கள். பழவேற்காட்டில் இறால் வாங்கும் சாயபுவிடம் நான் ஒருமுறை என் பாணியில் கண்ணைச் சிமிட்டி, "இன்னா பாய், யாராண்ட வாங்கறோம்னு தெரியுமா?" என்று கேட்டேன். அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "எறா நல்லா கீது. ஒம்மோட எறாதான் பேஜாரு" என்றார். நான் என் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அவளை நான் முதலில் அவன் என்றேன், பிறகு அது என்றேன். அவள் என்று சொல்ல எனக்கு ஒரு தேர்தல் தேவைப்பட்டது.

அது பஞ்சாயத்துத் தேர்தல். நீ அப்போது ஹாஸ்டலில். நம் ஊர்த் தலைவர் பிரசிடெண்ட் பதவிக்கு நின்றார். நான் அவருடைய பூத் ஏஜெண்ட். பட்டியலுக்குப் பெயர் எழுத முன்பு ஒரு வாத்தியார் வந்திருந்தார். வெளியூர்க்காரர், வெயிலில் களைத்துப்போயிருந்தவர். பூங்காவனத்தின் அம்மாவிடம் வீட்டில் யார் யார் என்று கேட்டிருக்கிறார். "நானும் எம்பொண்ணும்" என்று அவள் சொல்லியிருக்கிறாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நம் ஊர் பன்னிரண்டு வருஷம் முட்டி மோதிய கேள்வியைச் சர்க்கார் ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரத்தில் முடித்துவிட்டது. வாக்குச்சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. பூங்காவனம் பெண்கள் வரிசையில் நின்றாள். அவள் எதிர்க்கட்சிக்குத்தான் போடுவாள் என்று தலைவருக்குச் சந்தேகம். போய்த் தடுத்து நிறுத்தச் சொன்னார். போனேன்.

"சார், ஆட்சேபணை" என்றேன். "இந்த ஓட்டரு பொம்பளை இல்ல."

தேர்தல் அதிகாரி கழுத்துப்பட்டையில் கைக்குட்டை செருகியிருந்தார். பட்டியலைப் பார்த்தார். "பெண்ணுன்னு இருக்கு. பேர் சரி. தாயார் பேர் சரி. வேற யாரோ ஆள் மாறி வந்திருக்காங்கன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். ஆளு அதே ஆளுதான்."

"அப்ப என்ன ஆட்சேபணை?"

"ஆளு அதேதான் சார். ஆனா பொம்பளை இல்ல."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. எனக்கு மிகவும் பழக்கமான குரல். "சார், அவரு சொன்னா சரியாத்தான் இருக்கும். பொம்பள விசயத்துல அவருக்கு அனுபவம் ஜாஸ்தி. என் கல்யாணப் பொடவைய மூணுவாட்டி கட்டிக்கினு ஆடினவரு. எங்களவிட நல்லாவே இடுப்ப ஆட்டினாரு." வரிசை சிரித்தது. ஆண்கள் வரிசையும் சிரித்தது. போலீஸ்காரர் சிரித்தார். உன் அம்மா சிரிக்கவில்லை. "இது எங்க வரிசை. பூங்காவனம் இதுல நிக்கறது எங்க யாருக்கும் பேஜாரு இல்ல. நாங்க பிராது குடுக்கல. அவருக்கு இன்னா வந்துச்சு?" என்றாள். அதிகாரி "அடுத்தவங்க வாங்க" என்றார். பூங்காவனத்தின் விரலில் மை வைத்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு என்னைக் கடந்து போகும்போது அவள் மெதுவாக, "தலைவருக்குத்தான் அண்ணா குத்தினேன். ஒன் மூஞ்சியப் பாத்தப்பதான் மாத்திக் குத்தலாமான்னு தோணிச்சு" என்றாள். தலைவர் ஜெயித்தார்.

அந்த வருஷச் சீட்டுக்கு அவள் மறுபடியும் வந்தாள். கையில் பூத் சீட்டு. "சர்க்காரு என்னிய எழுதிக்கீது. ஓட்டு வாங்கிக்கினீங்க மாமா. ஊரு எழுத வாணாமா?" என்று கேட்டாள். தலைவர் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அதே வார்த்தையைச் சொன்னார்: "நோட்டுல இன்னா கீது, படி." இந்தத் தடவை படித்தேன். இருசம்மா, தலைக்கட்டு ஒன்று. மூன்று வருஷத்தையும் படித்தேன். யாரோ கேட்டான்: "இத்தினி வருசமா இந்தப் பக்கம் எங்க போயிருந்துச்சு?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒட்டிக்கினு இருந்துச்சு. இன்னிக்குத்தான் எச்சி தொட்டுப் பிரிச்சேன்" என்றேன். உண்மையைச் சொல்ல ஆரம்பித்த அதே மூச்சில் ஒரு பொய். பூங்காவனத்தின் அம்மா கிழவியாகிவிட்டிருந்தாள். அவள் கண்ணுக்குமேல் கையை வைத்து என்னைப் பார்த்து, "கண்ணாடி வாங்கிட்டியா நைனா?" என்றாள்.

சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பாட்டுக்காக அண்ணன் மண்டையைத் தம்பி உடைக்கிற ஊரில் அன்றைக்கு ஒருவன்கூட எழுந்து நிற்கவில்லை. "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டுப் பீடி பற்ற வைத்தார்கள். நான் எழுதினேன்: பூங்காவனம், தலைக்கட்டு ஒன்று. அதை என் வாசிப்பின் மகிமை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நிபந்தனைகள் இல்லாமல் இல்லை. சீட்டு எடுக்க அவள் வரக் கூடாது, ஆள் அனுப்ப வேண்டும். திருவிழாவில் காப்புக் கட்டும் வரிசையில் இடம் கிடையாது. பிறகு எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தபோது தலைவர் மைக்கைப் பிடித்து, "எங்க ஊர்ல ஆம்பளை, பொம்பளை, வேற எந்த பேதமும் கெடையாதுங்க" என்று முழங்கினார். எம்.எல்.ஏ. பலமாகக் கை தட்டினார். யாரைப் பற்றிய பேச்சு அதுவோ அவள் பந்தலுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். பந்தலுக்குள் வரச்சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் எம்.எல்.ஏ.வுக்குப் பின்னால் நின்று போட்டோவில் விழ முயன்றுகொண்டிருந்தேன்.

மனசு கேட்காமல் ஒரு நாள் அவளைத் தேடிப் போனேன். பாடு எழுதிய பிறகும் அவள் பறியோடு சேற்றில்தான் நின்றாள். கரையில் நின்று, "பூங்காவனம், அந்தப் பக்கம் ஒட்டிக்கினு இல்ல" என்றேன். பறியின் கயிறு பல்லில் இருந்ததால் உடனே பதில் வரவில்லை. கயிற்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "தெரியும் அண்ணா. இருசம்மா எங்கம்மாவோட சின்னம்மா. நோட்டுல கீதுன்னு எங்க ஊட்ல எல்லாருக்கும் தெரியும். நீ படிப்பன்னுதான் ஒக்காந்துக்கினு இருந்தோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எங்களுக்குப் படிக்கத் தெரியாதே. நோட்டு ஒன் கையிலதானே இருந்துச்சு." பிறகு குனிந்து மறுபடியும் சேற்றில் கையை விட்டாள். "பாட்ட எழுதிட்ட, செரி. நீ வெச்ச பேரு ஒண்ணு கீதே, அத்தையும் திருப்பி எடுத்துக்கினு போ. எனக்கு வாணாம்."

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை, மகனே. நோட்டில் எழுதியதை அடிக்கலாம். ஊர் வாயில் எழுதியதை எதைக்கொண்டு அடிப்பது? டீக்கடையில் ஒருவன் அந்தப் பெயரைச் சொன்னபோது, "அப்டிச் சொல்லாத" என்றேன். "இன்னாபா, நீ வெச்சதுதானே?" என்றான். நான் டீயைக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை உன் வாயிலும் வந்தபோது, அதைத் திருப்பி வாங்க நல்ல சந்தர்ப்பம் என்று தெரிந்தும், சிரித்தேன். எனக்கு ஐம்பத்துமூன்று வயதாகிறது. நல்லவனாக ஆவதற்கு வேண்டிய தெம்பு குறைந்துகொண்டே போகிறது. ஆகவே பாதி வேலையை உன்னிடம் தள்ளிவிடுகிறேன். அப்பன்மார் எல்லாரும் கடைசியில் செய்வது அதுதான்.

உனக்கு நான் சொல்வது பெரிய உபதேசம் இல்லை. வீடு வீடாகப் போவாய். வெயில் கொளுத்தும், பேனா ஒழுகும், நாய் துரத்தும். ஏதோ ஒரு வாசலில் உன் பாரத்தில் அடங்காத ஒருத்தர் நிற்பார். உன் பின்னால் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நாலு பேரின் முகத்தைப் பார்க்காதே. எதிரில் நிற்பவரிடம் கேள். என்ன சொல்கிறாரோ அதை எழுது. அந்த வாத்தியார் அவ்வளவுதான் செய்தார். அவர் பெரிய தியாகி இல்லை. அவருக்குப் பசி, அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நான் அதைக்கூடச் செய்யவில்லை. உனக்கு நாக்கு துறுதுறுக்கும். என் பிள்ளை நீ, துறுதுறுக்கத்தான் செய்யும். அப்போது உன் அம்மா பாத்திரம் வைத்த சத்தத்தை நினைத்துக்கொள். உன்னிடம் ஒரு நோட்டு இருக்கும். எதிரில் இருப்பவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. இதைத் தவிர உத்தியோகத்தைப் பற்றி எனக்கு வேறொன்றும் தெரியாது. நம் ஊர் மேல் உனக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது. ஒரு பெயரை எழுதப் பன்னிரண்டு வருஷம் ஆனாலும் எழுதியது, அதுவும் ஒரு சண்டைகூட இல்லாமல். நம் பக்கத்தில் வேறெந்த ஊரும் இன்னும் இதைச் செய்யவில்லை என்று நாலு பேரிடம் தைரியமாகச் சொல். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. சட்டைக் காலரை நீயே துவைத்துக்கொள்.

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். பூங்காவனத்துக்குப் பாடு எழுதினோமே, அந்த வருஷம் முகத்துவாரம் மணல் மேடிட்டு மூடிக் கிடந்தது. ஏரிக்குள் நீரோட்டம் இல்லை, கடலிலிருந்து இறால் வரவில்லை. பாடு கட்டியவன் எவனுக்கும் பாசியைத் தவிர ஒன்றும் விழவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. போன மாசம் மழையில் அது உடைத்துக்கொண்டு திறந்தது உனக்கே தெரியும், ஊரே வெடி வெடித்தது. நேற்றுத் தலைவர் ஆள் அனுப்பியிருந்தார். சீட்டுக்கு முன்னால் நோட்டில் பூங்காவனத்தின் பக்கத்தை ஒருதரம் சரிபார்க்க வேண்டுமாம், எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.